குறும்பயணத்தின் உடைச் சுமை

வெளியூர் சென்று இரண்டு இரவு முதல் நான்கு இரவு வரை தங்கித் திரும்புவதைக் குறும்பயணம் என்று கொண்டால், அதற்கு எத்தனை உடுப்பு வேண்டும் என்ற கேள்விக்கு நாட்களை எண்ணியே விடை சொல்லிவிடலாம் என்று தோன்றும். நடைமுறையில் அந்தக் கணக்குப் பொருந்தி வருவதில்லை. மூன்று மாதம் வெளிநாட்டில் தங்கப்போகிறவர் ஒரே பெட்டியோடு கிளம்பிவிடுகிறார். மூன்று நாள் மதுரைக்குப் போய்வரும் குடும்பமோ பெட்டிகளை ஓர் ஆட்டோவில் ஏற்ற முடியாமல் இன்னோர் ஆட்டோவைக் கூப்பிடுகிறது. நீண்ட பயணத்தில் துவைத்தே தீரவேண்டும் என்பது கிளம்பும்போதே தெரிந்திருப்பதால், துணியின் எண்ணிக்கை ஒரு வாரத்துக்கான அளவோடு நின்றுவிடுகிறது. குறும்பயணத்தில் துவைக்காமலே தப்பிவிடலாம் என்ற நினைப்பு இருப்பதால், வேளைக்கு ஒன்றாக அடுக்கிக்கொண்டே போக முடிகிறது. ஆகவே நாளொன்றுக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், நாட்கள் குறையக் குறையச் சுமை கூடுகிறது.

இந்த முரணுக்கு ஆடம்பரம், திட்டமின்மை, பெண்களின் புடவை ஆசை என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் எதையும் விளக்குவதில்லை. பெட்டிக்குள் இருக்கும் துணியை அது எதற்காக வைக்கப்பட்டது என்று கேட்டுப் பிரித்தால், உடம்புக்காக வைத்தது, பார்ப்பவர் கண்ணுக்காக வைத்தது, நேர்ந்தாலும் நேரலாம் என்று அஞ்சி வைத்தது என்று மூன்று பங்காகும். உடம்புக்கான பங்கு எப்போதும் சிறியது, ஏறத்தாழ மாறாதது. மற்ற இரண்டும் போகிற ஊரைப் பற்றிய ஐயத்திலிருந்து பிறப்பவை: அங்கே துவைக்க வசதி இருக்குமா, மாற்றுத்துணி கிடைக்குமா, நேற்று உடுத்தியதையே இன்றும் உடுத்தினால் அங்குள்ளவர்கள் பொறுத்துக்கொள்வார்களா என்ற ஐயங்கள் அவை. பெட்டியின் எடை என்பது பெரும்பாலும் இந்த ஐயத்தின் எடையே என்பதுதான் இச்சொற்பொழிவு நிறுவ முயலும் கருத்து.

உடம்புக்கான பங்கு எவ்வளவு என்பதை அளந்து பார்த்த மிகப் பழைய முயற்சி ஒன்று பௌத்த விநய நூல்களில் பதிவாகியிருக்கிறது. விநயம் என்பது துறவியர் சங்கத்தின் ஒழுக்க விதிகளின் தொகுப்பு; அதன் ஒரு பிரிவான மகாவக்கத்தின் எட்டாம் பகுதி முழுவதும் சீவரம் எனப்படும் துறவாடையைப் பற்றியது. இராசகிருகத்திலிருந்து வைசாலிக்குச் செல்லும் வழியில், துறவியர் பலர் துணிகளை மெத்தைபோலச் சுருட்டித் தலைமேலும் தோளிலும் இடுப்பிலும் சுமந்து வருவதைப் புத்தர் காண்கிறார். உடைமை துறந்தவர்கள் இவ்வளவு விரைவில் துணிப்பெருக்கத்தில் இறங்கிவிட்டார்களே என்று வருந்தியவர், அதற்கு ஓர் எல்லை கட்டவேண்டும் என்று எண்ணுகிறார். எல்லையை வெறும் அறிவுரையாக அவர் வகுக்கவில்லை. வைசாலியில் கோதமக சேத்தியம் என்ற இடத்தில், பனி விழும் கடுங்குளிர் இரவொன்றில், திறந்த வெளியில் ஒரே ஓர் ஆடையோடு உட்காருகிறார். முதல் யாமம் முடியும்போது குளிர் தெரிகிறது. இரண்டாவது ஆடையைப் போர்த்துகிறார். நடுயாமம் கழிந்ததும் மூன்றாவது தேவைப்படுகிறது. கடையாமம் கழிந்து கிழக்கு வெளுக்கும் வேளையில் நான்காவது. குளிர் தாங்காத மெல்லுடல் கொண்டவருக்கும் இந்த அளவு போதும் என்று முடிவுசெய்து, இரட்டை மடிப்புள்ள மேற்போர்வையான சங்காடி ஒன்று, ஒற்றை மடிப்புள்ள மேலாடையான உத்தராசங்கம் ஒன்று, இடுப்பில் உடுத்தும் அந்தரவாசகம் ஒன்று என, சங்காடியின் இரு மடிப்பையும் சேர்த்தால் நான்கு அடுக்காகும் மூன்று ஆடைகளை விதித்தார் என்று அந்நூல் கூறுகிறது.

இந்தப் பதிவில் கவனிக்கத்தக்கது விதியின் கடுமையைக் காட்டிலும் அதை வகுத்த முறை. மிக மோசமான இரவு எது என்று தேர்ந்து, அந்த இரவில் உடம்பு கேட்டது எவ்வளவு என்று பார்த்து, அதற்குமேல் வேண்டியதில்லை என்று அறுதியிடும் முறை அது. பெட்டி கட்டுகிறவர் பொதுவாக மோசமான இரவைக் கற்பனை மட்டும் செய்கிறார். கற்பனைக் குளிருக்கு எல்லை கிடையாது. கூடுதல் சீவரம் கையில் வந்தால் அதைப் பத்து நாளுக்குமேல் வைத்திருக்கலாகாது என்றும் விநயம் கூறுகிறது. அந்தப் பத்து நாள் எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. தமக்குக் கிடைத்த ஆடையைச் சக துறவியான சாரிபுத்தருக்குக் கொடுக்க விரும்பிய புத்தரின் சீடர் ஆனந்தர், சாகேதத்தில் இருந்த அவர் வர ஒன்பது அல்லது பத்து நாளாகும் என்று சொன்னதால், அவ்வளவு காலம் வைத்திருக்க இசைவு கிடைத்தது. கண்டிப்பான விதிக்குள்ளும் நண்பர் வந்து சேரும்வரை இடம் விட்டிருப்பது, அதை வகுத்தவர்கள் வாழ்க்கை அறிந்தவர்கள் என்பதைக் காட்டுகிறது.

மூன்று ஆடை விதியில் அடங்கியிருக்கும் உத்தி அடுக்கு முறை எனப்படும். தடித்த ஒரே ஆடைக்குப் பதிலாக மெல்லிய பல ஆடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்துவதே அது. துணியைவிடத் துணிகளுக்கிடையே சிக்கி அசையாமல் நிற்கும் காற்றே உடல் வெப்பம் வெளியேறாமல் தடுப்பதால், இரண்டு மெல்லிய ஆடைகள் சேர்ந்து ஒரு தடித்த ஆடையின் வேலையைச் செய்துவிடும். வெயில் ஏறியதும் ஒன்றைக் கழற்றிவிடவும் முடியும். தமிழ்நாட்டில் இதைச் சோதித்துப் பார்க்க ஊட்டிப் பயணத்தைவிட நல்ல களம் இல்லை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 330 மீட்டர் அளவில் இருக்க, உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்ற பொது விதிப்படி, மலைப்பாதை ஏறி முடிப்பதற்குள் பன்னிரண்டு டிகிரி வரை குறைந்துவிடும். சமவெளிக்காரர் இதற்கு அஞ்சி ஆளுக்கு இரண்டு கம்பளிச் சட்டை, குல்லா, மஃப்ளர், வீட்டிலிருக்கும் போர்வை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போகிறார். பகல் பதினொரு மணிக்குத் தாவரவியல் பூங்காவில் அவற்றைக் கையில் சுமந்துகொண்டு நடக்கிறார். பனியன், முழுக்கைச் சட்டை, ஸ்வெட்டர், காற்றுப் புகாத மெல்லிய மேற்சட்டை என்று நான்கும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறக்கூடிய அளவில் இருந்தால், கம்பளி ஒன்று போதும். விடுதிக் கட்டிலில் ரஜாய் இருக்கும் என்று நம்ப முடிந்தால் போர்வையும் வேண்டியதில்லை.

எண்ணிக்கையை முடிவுசெய்வதில் குளிருக்கு அடுத்த இடம் உலரும் நேரத்துக்கு. ஒரு சட்டை இரவில் துவைத்துக் காலையில் உலர்ந்துவிடும் என்றால், பயணம் இரண்டு நாளானாலும் இருபது நாளானாலும் இரண்டு சட்டை போதும், உலர ஒன்றரை நாள் ஆகும் என்றால் மூன்று வேண்டும். ஆகவே துணிக் கணக்கின் உண்மையான அலகு நாள் அல்ல, கொடியில் காயும் நேரம். இது துணியையும் ஊரையும் பொறுத்தது. பருத்தி ஈரத்தைத் தன் இழைக்குள்ளேயே வாங்கி வைத்துக்கொள்ளும் இயல்புடையது. பாலியெஸ்டர் அநேகமாக வாங்குவதே இல்லை. காற்றிலிருந்து ஈர்த்து வைத்துக்கொள்ளும் ஈரத்தைத் துணி வணிகத்தில் பருத்திக்கு எடையில் 8.5 விழுக்காடு என்றும், பாலியெஸ்டருக்கு 0.4 விழுக்காடு என்றும் கணக்கிடுகிறார்கள். இந்த வேறுபாட்டைக் காட்டிப் பயணத்துக்குச் செயற்கை இழையே சிறந்தது என்று விளம்பரங்கள் சொல்லும். வியர்க்கும் ஊரில் அதை உடுத்தித் திரிந்தவர் அதை ஒப்புக்கொள்ளமாட்டார். மேலும் உலர்வதில் இழையைப் போலவே தடிமனுக்கும் பங்குண்டு. நான்கு முழ வேட்டி பருத்திதான் என்றாலும், மடிப்போ தையலோ இல்லாத ஒற்றைத் துணியாக விரிந்து காய்வதால், சித்திரை மாத மதுரை மாடியில் போட்டுவிட்டு ஒரு காபி குடித்து வருவதற்குள் மொடமொடவென்று ஆகிவிடும். அதே பருத்தியில் நெய்த ஜீன்ஸோ இடுப்புப் பட்டையிலும் பையின் அடியிலும் மறுநாள் மாலை வரை ஈரத்தை விடாது. ஐப்பசி அடைமழையில் சென்னையில் எதுவும் காயாது. கொடைக்கானல் மூடுபனியிலும் அப்படியே. அத்தகைய ஊருக்குச் செல்லும்போது கூடுதலாக ஓர் உடுப்பு வைப்பதை மிகைச் சுமை என்று சொல்லக்கூடாது.

இந்த இடத்தில் துண்டைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனெனில் குறும்பயணப் பெட்டியில் தேவையில்லாமல் ஏறும் எடையில் அதற்கு முதலிடம். துணியின் கனத்தை ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் இருக்கிறது என்ற கணக்கில் சொல்வது வழக்கம், இதையே ஜி.எஸ்.எம். என்று திருப்பூரிலும் கரூரிலும் அன்றாடம் பேசிக்கொள்கிறார்கள். குளியலுக்கான டர்க்கி டவல், அதாவது இருபுறமும் நூல் வளையங்கள் எழும்பி நிற்கும் பூந்துவாலை, 450 ஜி.எஸ்.எம். அளவில் இருந்தால், 70 செ.மீ. அகலமும் 140 செ.மீ. நீளமும் உள்ள ஒன்று காய்ந்த நிலையிலேயே ஏறக்குறைய 440 கிராம் இருக்கும். நான்கு பேர் குடும்பத்துக்கு நான்கு எடுத்து வைத்தால், துண்டு மட்டுமே ஒன்றே முக்கால் கிலோ. திரும்பும்போது அவை ஈரத்தோடு இன்னும் கனக்கும். அதே வேலைக்குக் காசித்துண்டு எடுத்துச் சென்றால் எடையும் இடமும் பாதிக்கும் கீழே போய்விடும். அது இன்னொரு விதத்திலும் பயன்படும்: பிழிந்த சட்டையைக் காய்ந்த துண்டின்மேல் பரப்பி, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி முறுக்கினால், கைப்பிழியலுக்குப் பிறகும் மிஞ்சியிருக்கும் நீரைத் துண்டு உறிஞ்சிக்கொள்ளும், மின்விசிறிக்குக் கீழே நாற்காலி முதுகில் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் சட்டை உடுத்தும் நிலைக்கு வந்திருக்கும்.

இதுவரை சொன்னவை உடம்பின் கணக்கு. இவ்வளவுதான் என்றால் இந்தப் பொருளைப் பற்றிச் சொற்பொழிவே தேவைப்பட்டிருக்காது. இரண்டாவது பங்கான கண்ணுக்கான துணிதான் பெட்டியை நிரப்புகிறது, அதைத் தமிழ்நாட்டில் முழு அளவில் காண வெளியூர்க் கல்யாணத்தைப் பார்க்கவேண்டும். சென்னையிலிருந்து இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி, காலையில் மதுரையில் இறங்கி, அன்று மாலை வரவேற்பும் மறுநாள் விடியலில் முகூர்த்தமும் முடித்து, அன்றிரவே திரும்ப ரயில் ஏறும் ஒரு பெண்ணின் கணக்கு பின்வருமாறு அமைகிறது. ரயிலில் வருவதற்கு ஒரு சுடிதார், மண்டபத்தில் இறங்கிக் குளித்ததும் சாதாரணப் புடவை ஒன்று, ஏனெனில் உறவினர் வந்துகொண்டே இருப்பார்கள், மாலை வரவேற்புக்கு மின்னும் புடவை ஒன்று, இரவுக்கு நைட்டி, முகூர்த்தத்துக்குப் பட்டு, சாப்பிட்ட பிறகு பட்டைக் களைந்துவிட்டு உடுத்த மெல்லியது ஒன்று, திரும்ப ரயிலுக்கு மீண்டும் சுடிதார். இரண்டு பகலுக்குள் ஆறு ஏழு உடுப்புகள், அவற்றுள் ஒன்றைக்கூட வீண் என்று தள்ள அவளுக்கு அதிகாரம் இல்லை. நாள் கணக்கு தோற்று, சந்தர்ப்பக் கணக்கு வெல்லும் இடம் இது.

பட்டுப்புடவை தனியாகப் பயணம் செய்வதும் இல்லை. காஞ்சிபுரம் பட்டு ஒன்று சரிகையின் அளவுக்கேற்ப அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை இருக்கும். அதனோடு அதற்கென்றே தைத்த ரவிக்கை, அதன் நிறத்தில் உள்பாவாடை, பொருந்தும் வளையல், சில வீடுகளில் பொருந்தும் செருப்பும் கிளம்பும். சரிகை உராய்ந்து கறுக்காமல் இருக்கவேண்டும் என்பதால், சரிகை உட்புறம் வரும்படி மடித்துப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, மேலே எதுவும் அழுத்தாமல் வைக்கவேண்டும். ஆக ஒரு பட்டு தன் எடையைவிட அதிகமான இடத்தைப் பெட்டியில் பிடித்துக்கொள்கிறது. முந்தானைக்கு அப்பால் ரவிக்கைத் துணியும் சேர்த்தே நெய்து விற்கும் வழக்கம் பரவியபின், ஒவ்வொரு புடவைக்கும் அதனதன் ரவிக்கை என்பது கட்டாயம்போல் ஆகிவிட்டது. கலம்காரி ரவிக்கை ஒன்றைப் பல கைத்தறிப் புடவைகளுக்குப் பொதுவாக உடுத்துகிறவர்கள் இந்தக் கட்டாயத்தை உடைத்திருக்கிறார்கள். லண்டனில் துணிக்கடை நடத்திய சூசி ஃபாக்ஸ் 1970களில் பரப்பிய ‘கேப்சூல் வார்ட்ரோப்’ முறை, அதாவது எதை எதோடு சேர்த்தாலும் பொருந்தும்படி தேர்ந்த சில உடைகளை மட்டும் வைத்துக்கொள்ளும் முறை, இதையேதான் சொல்கிறது. மூன்று மேலுடையும் இரண்டு கீழுடையும் ஒன்றோடொன்று பொருந்தினால் ஆறு தோற்றம் கிடைக்கும். பொருந்தாவிட்டால் ஐந்து துணியிலிருந்து இரண்டே தோற்றம்தான். வெள்ளை வேட்டிக்காரர்கள் எந்தக் கோட்பாடும் படிக்காமலே இந்தப் பெருக்கல் கணக்கில் வாழ்ந்துவருகிறார்கள்.

பிறர் பார்க்கிறார்கள் என்ற எண்ணம் எந்த அளவுக்கு மெய் என்பதை உளவியலாளர் அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் கிலோவிச்சும் உடனாய்வாளர்களும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இளைஞர்கள் அணியக் கூசும் பாடகர் ஒருவரின் படம் அச்சிட்ட பனியனை ஒரு மாணவருக்கு அணிவித்து, மற்ற மாணவர்கள் அமர்ந்திருந்த அறைக்குள் அனுப்பினர். அறையில் இருந்தவர்களுள் பாதிப்பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் மதிப்பிட்டனர். உண்மையில் கவனித்தவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவரே. தன்மேல் விளக்கு வெளிச்சம் விழுவதாக ஒருவர் எண்ணிக்கொள்ளும் இந்த மிகை மதிப்பீட்டை ஒளிவட்ட விளைவு என்கிறார்கள். நேற்றைய சட்டையை இன்றும் அணிய அஞ்சுகிற சுற்றுலாப் பயணிக்கு இந்த முடிவு நல்ல ஆறுதல். கல்யாண வீட்டுக்கு இதை அப்படியே கொண்டுபோவது சரியன்று. அந்த அறையில் இருந்தவர்கள் மாணவர்கள், அத்தைகள் அல்லர். போன கல்யாணத்தில் உடுத்திய புடவை எது என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் உறவில் உண்மையாகவே உண்டு, வீடியோவும் கைப்பேசிப் படங்களும் வந்தபின் நினைவும் தேவையில்லாமல் போயிற்று.

பார்க்கும் கண் ஒழிந்தால் சுமை எப்படிச் சரிகிறது என்பதற்குச் சபரிமலைப் பயணமே சான்று. கார்த்திகை, மார்கழி மாதங்களில் மாலை போட்டுக்கொண்டு, கறுப்பிலோ நீலத்திலோ காவியிலோ வேட்டி கட்டிக் கிளம்புகிறவரின் முதன்மைச் சுமை இருமுடிதான். முன்முடியில் நெய்த்தேங்காய் முதலிய பூசைப் பொருள், பின்முடியில் வழிக்கான பொருள். மாற்று வேட்டி, துண்டு, போர்வை ஆகியவை ஒரு சிறு பைக்குள் அடங்கிவிடும். கல்யாணத்துக்கு மூன்று சூட்கேஸ் கேட்கும் அதே மனிதர் மூன்று நாள் மலைப்பயணத்துக்குத் தோள்பையோடு போவதற்கு, நோன்பின் கட்டுப்பாடு ஒரு பாதிக் காரணம் என்றால், எல்லாரும் ஒரே நிறத்தில் இருப்பது மறுபாதிக் காரணம். நேற்று உடுத்தியதா இன்று மாற்றியதா என்று யாராலும் சொல்ல முடியாத கூட்டத்தில் மாற்றுடைக்கு வேலை குறைந்துவிடுகிறது. மேல்மருவத்தூர் செல்லும் செவ்வாடைப் பெண்களுக்கும் இது பொருந்தும்.

அஞ்சி வைக்கும் துணியாகிய மூன்றாவது பங்கு பல நேரங்களில் பயணியின் சொந்த அச்சத்தால்கூட வருவதில்லை. வழியனுப்புகிறவர்களின் அச்சம் பெட்டிக்குள் ஏறிவிடுகிறது. 1921 செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் முழு உடையைக் கைவிட்டு அரையாடைக்கு மாறிய காந்தியடிகள், பத்தாண்டு கழித்து வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் சென்றபோது நிகழ்ந்தது இதற்கு எடுத்துக்காட்டு. 1931 ஆகஸ்ட் 29இல் பம்பாயிலிருந்து ‘ராஜபுதானா’ கப்பல் புறப்பட்டது. போவதா வேண்டாமா என்பது கடைசி நாட்களில்தான் முடிவானதால் ஏற்பாடுகள் அவசரமாக நடந்தன; லண்டன் குளிரை எண்ணிய அன்பர்கள் ஆளாளுக்குப் பெட்டியும் துணியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். உடன் சென்ற மகாதேவ் தேசாய் முதலியோரிடம் சேர்ந்துவிட்ட இந்தச் சுமையைக் கப்பலேறிய பின் பார்த்த காந்தி சினந்துகொண்டார். ஏழை நாட்டின் பேராளர்களாகச் செல்வோரிடம் இத்தனை பெட்டி எதற்கு என்ற அவருடைய கேள்விக்கு விடை சொல்ல முடியாமல், ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, வேண்டாதவற்றை ஏடன் துறைமுகத்திலிருந்து பம்பாய்க்கே திருப்பி அனுப்பினார்கள். தலைவர் அரையாடையில் இருந்தும் உடன் சென்றோரின் பெட்டிகள் பெருகியதற்கு அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. கொடுப்பவரிடம் வேண்டாம் என்று சொல்ல முடியாத நிலையே அதற்குக் காரணம். ஊருக்குக் கிளம்பும் மகனின் பையில் தாயார் கடைசி நிமிடத்தில் திணிக்கும் ஸ்வெட்டருக்கும் இதே நியாயம் உண்டு.

பெட்டி கட்டும் வேளையின் தன்மையும் சுமையைக் கூட்டுகிறது. இட்டமர் சைமன்சன் என்ற ஆய்வாளர் 1990இல் வெளியிட்ட சோதனையில், மூன்று வாரத்துக்கான தின்பண்டத்தை ஒரே நாளில் தேர்ந்துகொள்ளச் சொன்னபோது மாணவர்கள் வகைவகையாக எடுத்தார்கள். வாரத்துக்கொரு முறை வந்து எடுக்கச் சொன்னபோது தமக்குப் பிடித்த ஒன்றையே திரும்பத் திரும்ப எடுத்தார்கள். வருங்கால நாட்களை ஒரே நேரத்தில் எண்ணிப் பார்க்கும்போது மனம் பன்மையை நாடுகிறது, அந்நாட்கள் தனித்தனியே வரும்போது பழகியதையே நாடுகிறது. கட்டிலின்மேல் திறந்து கிடக்கும் பெட்டிக்கு முன்னால் நிற்பவருக்கு மூன்று நாளும் ஒரே பார்வையில் தெரிகின்றன. நீலம் ஒன்று, பச்சை ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று மஞ்சள் ஒன்று எடுத்து வைக்கிறார். ஊரில் இறங்கியபின் இடுப்பு இறுக்காத அந்த ஒரே பேன்ட்டிலும் உடம்புக்குப் பழகிய அந்த ஒரே சட்டையிலும் நாட்கள் கழிகின்றன. மடிப்புக் கலையாமல் திரும்பிவரும் துணிகளை வீட்டுப் பீரோவில் அப்படியே வைத்துவிடலாம் என்பதுதான் அவற்றால் கிடைக்கும் ஒரே பயன்.

முந்தைய தலைமுறை மஞ்சப்பையோடு ஊர் ஊராகப் போய்வந்தது என்று பெருமையாகச் சொல்லப்படுவதுண்டு. ஜவுளிக்கடையோ நகைக்கடையோ பெயர் அச்சிட்டுக் கொடுத்த அந்தத் துணிப்பையில் ஒரு வேட்டி, ஒரு துண்டு, வெற்றிலைப் பொட்டலம் இருந்தன என்பது உண்மை. அந்தப் பையின் மெலிவு எதன்மேல் நின்றது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் உண்மை முழுமை பெறும். போன இடம் உறவினர் வீடு. கிணற்றடியில் தண்ணீரும் சோப்பும் இருந்தன. உடுத்தி வந்ததைக் கழற்றிப் போட்டால் அந்த வீட்டுப் பெண்கள் துவைத்துக் காயப்போட்டார்கள். மாற்றுக்கு மாமாவின் வேட்டி கொடியில் தொங்கியது. வேட்டிக்கு அளவு கிடையாது என்பதால் யாருடையதும் யாருக்கும் பொருந்தியது. விடுதி அறை அந்த வீட்டின் இடத்தைப் பிடித்து, தைத்த பேன்ட் வேட்டியின் இடத்தைப் பிடித்தபின் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் போய்விட்டது. பை பெட்டியாக வளர்ந்தது. ஆகவே குறைந்த சுமையோடு வருகிறவரைக் கண்டு வியக்கும்போது, அவருடைய மீதிச் சுமையை யார் தூக்கினார்கள் என்று கேட்பது தகும். இன்றும் ஒரே தோள்பையோடு கிளம்பும் கணவரின் சீப்பு, மாத்திரை, இரவு லுங்கி, மழைக்கான குடை ஆகியவை மனைவியின் பெட்டியில் இருக்கின்றன. பெட்டி பெரிதாக இருப்பதற்கு அவர்தான் அவளைக் கேலி செய்கிறார். கைக்குழந்தை, மாதவிடாய், முதியோரின் சிறுநீர்க் கசிவு ஆகியவற்றுக்காக ஏறும் மாற்றுத்துணியைச் சுமையென்று எந்தக் கணக்கிலும் சேர்க்கக்கூடாது. சுமை குறைக்கச் சொல்லும் பயண நூல்கள் பெரும்பாலும் தனியே செல்லும் உடல் வலுவுள்ளவர்களை மனத்தில் வைத்து எழுதப்படுபவை.

எடையை உணரச் செய்த கருவி கை. அந்த உணர்வைச் சக்கரம் எடுத்துவிட்டது. அமெரிக்கப் பெட்டி உற்பத்தியாளர் பெர்னார்ட் சாடோ, சூட்கேஸின் அடியில் நான்கு சக்கரம் பொருத்தி வாரால் இழுக்கும் அமைப்புக்கு 1972இல் காப்புரிமை பெற்றார். ஆண்மகன் பெட்டியை இழுத்துக்கொண்டு போவானா என்று தொடக்கத்தில் கடைக்காரர்கள் அதை ஏற்க மறுத்தார்கள் என்று அவர் பின்னாளில் கூறியிருக்கிறார். 1987இல் நார்த்வெஸ்ட் விமான நிறுவனத்தின் விமானி ராபர்ட் பிளாத், இரண்டு சக்கரமும் நீளும் கைப்பிடியும் கொண்டு நிமிர்ந்து உருளும் பெட்டியை உருவாக்கினார். முதலில் விமானப் பணியாளர்களும் அவர்களைப் பார்த்துப் பயணிகளும் அதற்கு மாறினர். வழுவழுப்பான தளத்தில் பத்துக் கிலோவும் இருபது கிலோவும் ஒன்றுபோல் உருள்வதால், எவ்வளவு வைத்திருக்கிறோம் என்பது ரயில் நிலையப் படிக்கட்டுக்கு வரும்வரை தெரிவதில்லை. சக்கரத்துக்கும் கைப்பிடிக்கும் சொந்த எடை உண்டு. விமானத்தில் கையோடு எடுத்துச் செல்லும் அளவுள்ள உருளும் பெட்டி வெறுமையாகவே இரண்டரைக் கிலோ இருக்கும். ஏழு கிலோ அனுமதியில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் பெட்டியே தின்றுவிடுகிறது.

கை மறந்த எடையை விலை நினைவூட்டியது. ஐரோப்பாவில் ரயனேர் நிறுவனம் 2006இல் சரக்கறையில் ஏற்றும் பெட்டிக்குத் தனிக் கட்டணம் விதித்தது. 2008இல் எரிபொருள் விலை ஏறியபோது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பெட்டிக்கே 15 டாலர் வாங்கத் தொடங்கியது. இந்தியாவில் உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புப் பயணிக்குப் பெரும்பாலும் சரக்கறையில் 15 கிலோ, கையில் 7 கிலோ. ரயிலிலோ தூங்கும் வசதியுள்ள சாதாரணப் பெட்டியில் ஒருவருக்கு 40 கிலோவும், குளிர்சாதன முதல் வகுப்பில் 70 கிலோவும் கட்டணமின்றிக் கொண்டுபோகலாம் என்று விதி இருக்கிறது. நிறுத்துப் பார்ப்பது அரிது. கல்யாணப் பெட்டி ரயிலில் பெருத்தும் விமானத்தில் சிறுத்தும் இருப்பதற்குப் பயணியின் மனமாற்றத்தைவிட இந்தத் தராசே காரணம். கவுன்டருக்கு முன்னால் பெட்டியைத் திறந்துவைத்து இரண்டு புடவையைக் கைப்பைக்கு மாற்றும் குடும்பங்களை எந்த விமான நிலையத்திலும் காணலாம்.

போகும்போது நிரம்பிய பெட்டி திரும்பும்போது மூடாது என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். உடுத்திக் கசங்கிய துணி, இஸ்திரி போட்டு மடித்த துணியைவிட அதிக இடம் பிடிக்கும். அதற்குமேல் கல்யாண வீட்டில் தலைக்கு ஒரு தாம்பூலப் பை, உள்ளே தேங்காய், வெற்றிலை பாக்கு, சில வீடுகளில் எவர்சில்வர் கிண்ணம். நெருங்கிய உறவென்றால் வைத்துக்கொடுத்த வேட்டி புடவையும் உண்டு. இவற்றுள் எதையும் வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. பெட்டி கட்டிப் பழகிய வீட்டுப் பெண்கள் இதை முன்னறிந்து, கிளம்பும்போதே பெட்டியில் நான்கில் ஒரு பங்கைக் காலியாக விடுகிறார்கள். அல்லது மடித்த துணிப்பை ஒன்றை அடியில் போட்டு வைத்து, திரும்பும்போது அழுக்குத்துணியை அதற்கு மாற்றிவிட்டு, தேங்காயையும் புதுத்துணியையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள்.